சினைப்பை ஸ்லைடில் ஃபாலிக்கிளின் வளர்ச்சி நிலைகளை எப்படி அடையாளம் காண்பது? எனக்கு எல்லாமே வட்டமாகத்தான் தெரிகிறது.

ஃபாலிக்கிள் என்பது முட்டையும் அதைச் சுற்றியிருக்கும் செல்களும் சேர்ந்த அமைப்பு. அதில் முட்டையை விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் செல்களைப் பாருங்கள். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஹிஸ்டாலஜி பிராக்டிகல் எடுக்கும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான். எந்த நிலை என்பதை அந்தச் செல்கள்தான் காட்டிக்கொடுக்கும்.

லோ பவரில் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். வெளி உறைக்குக் கொஞ்சம் உள்ளே பிரைமார்டியல் ஃபாலிக்கிள்கள், அதாவது முதல் நிலையில் இருப்பவை, கூட்டமாக இருக்கும். பூனையின் சினைப்பை ஸ்லைடு கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் நெருக்கமாகவே இருக்கும். ஹை பவருக்கு மாற்றினால், முட்டையைச் சுற்றி ஒரே வரிசையில் தட்டையான செல்கள் தெரியும். அந்தத் தட்டைச் செல்கள் நிமிர்ந்து கட்டம் கட்டமாகிவிட்டால் அது பிரைமரி. அப்புறம் ஒரு வரிசை பல வரிசையாகும். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். காரணம், சில புத்தகங்கள் இதையே செகண்டரி என்கின்றன, மற்றவை உள்ளே திரவம் சேர்ந்த பிறகுதான் அப்படிச் சொல்கின்றன. உங்கள் கல்லூரியில் எந்தப் புத்தகமோ, அதன்படியே எழுதுங்கள். முட்டையை ஒட்டி ரோஸ் நிறத்தில் பளிச்சென்று தெரியும் வளையம் ஜோனா பெலுசிடா.

பிறகு முட்டையைச் சுற்றியிருக்கும் அந்தச் செல்களுக்கு (இவற்றுக்குக் கிரானுலோசா செல்கள் என்று பெயர்) நடுவே சின்னச் சின்னக் குட்டைகளாகத் திரவம் தேங்கும். அவை ஒன்றாகக் கலந்து ஒரே குழியானால் அது ஆன்ட்ரம். மனிதரில் முதிர்ந்த கிராஃபியன் ஃபாலிக்கிள் 2 செ.மீ. வரை வளரும், உள்ளே இருக்கும் முட்டையோ சுமார் 0.1 மி.மீ.தான். 1672-இல் இதை விவரித்த டச்சு மருத்துவர் டி கிராஃப், ஃபாலிக்கிளையே முட்டை என்று எண்ணியதில் வியப்பில்லை. உண்மையான முட்டையை 1827-இல்தான் கருவியல் அறிஞர் வான் பேயர் நாயின் சினைப்பையில் கண்டார். ஆகவே பெரிய ஃபாலிக்கிளில் முட்டை தெரியவில்லையென்றால் பயப்படாதீர்கள், வெட்டு அதன் வழியாகப் போகவில்லை, அவ்வளவுதான்.

பலரும் கவனிக்காமல் விடுவது அட்ரீஷியா, அதாவது ஃபாலிக்கிள் பாதியிலேயே அழிந்துபோவது. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் வரை இருக்கும் ஃபாலிக்கிள்களில், வாழ்நாளில் முட்டையை வெளிவிடுபவை 400, 500தான். மற்றவை வெவ்வேறு நிலைகளில் அழிந்துவிடும். அதனால் நீங்கள் பார்ப்பவற்றில் சில அழிந்துகொண்டிருப்பவையாகவே இருக்கும். கிரானுலோசா செல்களின் நியூக்ளியஸ் சுருங்கிக் கருத்திருக்கிறதா, ஜோனா மடிந்து கசங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அட்ரெடிக். ரெக்கார்டு நோட்டில் அதையும் ஒன்று வரைந்து பெயர் குறியுங்கள். நான் வைவாவில் தவறாமல் கேட்பது அதைத்தான்.