வாசகர் கேள்வி – பதில்: பாவாவுக்கு முன்பே கட்டியவர்

கேள்வி: சென்ற இதழில் இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவைப் பற்றி எழுதியபோது, "அவருக்கு முன்பே மினெட் டி சில்வா இருந்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எங்கள் பாடத்தில் அவர் பெயரே வரவில்லை. அவரைப் பற்றி விரிவாகச் சொல்வீர்களா?
– கட்டடக்கலை மாணவி, மதுரை

பதில்: அந்த ஒரு வரி போதாது என்று எழுதும்போதே எனக்கு உறுத்தியது. கேட்டதற்கு நன்றி.

மினெட் டி சில்வா 1918ஆம் ஆண்டு கண்டியில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் இ. டி சில்வா சிங்கள பௌத்தர். இலங்கைத் தேசிய காங்கிரசின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். தாய் ஆக்னஸ் ஐரோப்பிய வழிவந்த பறங்கிய சமூகத்துக் கிறித்தவர்; 1931இல் இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைப்பதற்கு முன் அதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர். அரசியலும் கலையும் நாள்தோறும் பேசப்பட்ட அந்த வீட்டிலும், மகள் கட்டடக்கலை படிக்கப் போவதாகச் சொன்னபோது அது எளிதில் ஏற்கப்படவில்லை. அன்றைய இலங்கையில் அக்கலையைக் கற்பிக்கும் கல்லூரியும் இல்லை. அதனால் அவர் பம்பாய்க்குச் சென்றார்.

பம்பாயில் இந்தியாவின் முதல் பெண் கட்டடக்கலைஞர் எனப்படும் பெரின் மிஸ்திரியின் நிறுவனத்தில் பயிற்சி பெற்றார், பின்னர் ஜே. ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்தார். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின் காலம் அது. காந்தியை விடுதலை செய்யக் கோரிய ஊர்வலத்தில் கலந்துகொண்டதற்காக மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். அவர் எழுதித் தர மறுத்தார், பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். அதன்பின் பெங்களூரில், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து மைசூர் அரசின் கட்டடக்கலைஞராக இருந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கரிடம் பணியாற்றி, ஜாம்ஷெட்பூர் தொழில்நகரத்துக்கான வீட்டுத் திட்டத்தில் பங்கெடுத்தார். ஏராளமானோருக்கு ஒரே நேரத்தில் வீடு கட்டுவது எப்படி என்ற கேள்வியை அவர் முதன்முதலில் நேருக்கு நேர் சந்தித்தது அங்கேதான் என்று நான் கருதுகிறேன். அதன் விடையைப் பத்தாண்டுக்கு மேல் கழித்துக் கண்டியில் எழுதினார்.

1946இல் எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்தை ஆசிரியராகக் கொண்டு பம்பாயில் தொடங்கப்பட்ட 'மார்க்' கலை இதழை உருவாக்கியவர்களில் மினெட்டும் அவருடைய அக்காள் அனிலும் உண்டு. அதற்குள் மினெட் லண்டன் சென்றிருந்தார். போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கென நடத்தப்பட்ட சிறப்புத் தேர்வை எழுதி, ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் என்னும் கட்டடக்கலைப் பள்ளியில் இடம் பெற்றார். 1948இல் பிரிட்டிஷ் அரச கட்டடக்கலைஞர் கழகத்தின் இணை உறுப்பினரானார். அத்தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே.

கேள்வி: பாய், சுடுமண் ஓடு, அரக்கு வேலை என்று பழைய கைவினைப் பொருள்களைப் புது வீட்டில் பதித்துவிட்டால் அது நவீனக் கட்டடக்கலை ஆகிவிடுமா? மினெட்டின் புகழுக்கு அதைத் தவிர வேறு காரணம் உண்டா?
– வாசகர், கண்டி

பதில்: பதிப்பது மட்டும் என்றால் ஆகாது. அவர் செய்தது அதுவன்று.

இலங்கை விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1949இல், அவர் கண்டிக்குத் திரும்பி, தந்தையின் 'செயின்ட் ஜார்ஜ்' இல்லத்திலேயே தொழில் தொடங்கினார். கையில் பணம் இல்லை. குடும்ப நண்பர்களான கருணாரத்ன தம்பதியர் தந்த வீட்டுப் பணிதான் முதல் வாய்ப்பு. சரிவான மலை நிலம் அது. நிலத்தை வெட்டிச் சமப்படுத்தாமல், சரிவின் போக்கிலேயே தளங்களை வெவ்வேறு மட்டங்களில் அமைத்தார். ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு வெளியும் காற்றும் தடையின்றிச் செல்லும்படி வகுத்தார். கான்கிரீட்டையும் கண்ணாடியையும் தயங்காமல் பயன்படுத்திய அதே வீட்டில் கண்டிப் பகுதியின் மரபான தும்பறைப் பாய் நெசவு கதவுப் பலகையாகியது. உள்ளூர்க் குயவர் அழுத்திச் சுட்ட ஓடுகள் இடம்பெற்றன. கூடத்துச் சுவரில் ஜார்ஜ் கீட் ஓவியம் தீட்டினார். அலங்காரப் பொருளாகக் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தால் அந்தப் பாய் நினைவுப்பொருளாகவே நின்றிருக்கும். கதவாக ஆனதால் அதை நெய்பவருக்குக் கட்டுமானத்தில் வேலை கிடைக்கும், கொத்தனாரோடும் தச்சரோடும் அவர் ஒரே களத்தில் நிற்பார் என்பதே மினெட்டின் எண்ணம். கைவினைஞர் தொழிலும் மக்கள் வாழ்வும் பிரிக்கக்கூடாதவை என்று அரை நூற்றாண்டுக்கு முன் எழுதிய கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் சிந்தனை மினெட்டின் கட்டடங்களில் சுவராகவும் கதவாகவும் உருப்பெற்றது.

இந்த நெறிக்கு 'வெப்பமண்டல நாட்டின் நவீன வட்டாரக் கட்டடக்கலை' என்ற பெயரை அவரே 1950களின் தொடக்கத்தில் வைத்தார். கொழும்பு அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸில் கட்டிய பீரிஸ் இல்லத்தில், தூண்களின்மேல் வீட்டை உயர்த்தும் ஐரோப்பிய நவீன முறையையும் வீட்டு நடுவே திறந்த முற்றம் விடும் சிங்கள மரபையும் சேர்த்தார். நகரத்து மனையில் இடம் குறைவு, புழுக்கம் மிகுதி. முற்றம் காற்றுக்கு வழி, தூண்கள் நிழலுக்கு வழி. காரணமின்றி எதையும் மரபு என்பதற்காக அவர் ஏற்கவில்லை.

ஆயினும் அவருடைய ஆகப்பெரிய பணி எதுவென்று கேட்டால், நான் எந்தத் தனி வீட்டையும் சொல்ல மாட்டேன். உங்கள் ஊரின் வட்டபுளுவ வீட்டுத் திட்டத்தையே சொல்வேன். அரசு ஊழியர்களுக்காக 1950களின் பிற்பகுதியில் உருவான சுமார் 250 வீடுகள் அவை. ஒரே வரைபடத்தை அத்தனை மனைக்கும் படியெடுத்துத் தருவதே அரசுத் திட்டங்களின் வழக்கம். மினெட்டோ குடிவரப் போகிறவர்களுக்கு வினாத்தாள் கொடுத்தார், அவர்களை அழைத்துப் பேசினார். வருமானம் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர், எப்படிச் சமைக்கிறார்கள், வழிபாடு எவ்விதம் என்றெல்லாம் அறிந்தார். பல இனத்தவரும் பல சமயத்தவரும் அடுத்தடுத்து வாழப்போகும் இடம் என்பதால் விடைகள் ஒன்றுபோல் இருக்கவில்லை. அவற்றைக் கொண்டே பல மாதிரி வரைபடங்களைத் தயாரித்தார். 'மக்கள் பங்கேற்பு' என்று இன்று கல்லூரிகளில் கற்பிக்கப்படுவதை அவர் அந்தச் சொல் பரவும் முன்பே செய்து முடித்திருந்தார்.

கேள்வி: பாரீசில் பணியாற்றிய நவீனக் கட்டடக்கலை முன்னோடி லே கார்பூசியேயின் நெருங்கிய தோழி என்பதால்தான் அவர் பெயர் வெளிநாடுகளில் தெரிந்தது என்கிறார்களே?
– வாசகர், திருச்சி

பதில்: 1947இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டரில் நடந்த நவீனக் கட்டடக்கலைஞர்களின் உலக மாநாட்டில் இந்தியா, இலங்கை ஆகியவற்றின் சார்பில் அவர் கலந்துகொண்டார். அக்காலத்தில் தொடங்கிய நட்பும் கடிதத் தொடர்பும் லே கார்பூசியே மறைந்த 1965 வரை நீடித்தன என்பது உண்மை. ஆனால் ஒரு பெண்ணின் உழைப்பைப் பேச வரும்போதெல்லாம் புகழ்பெற்ற ஆண் ஒருவரின் நட்பிலிருந்து பேச்சைத் தொடங்குவது அநீதி. வட்டபுளுவ வினாத்தாளை யாரும் பாரீசிலிருந்து அனுப்பவில்லை.

கேள்வி: இவ்வளவு செய்தவரை ஏன் மறந்தோம்? அவர் கட்டியவற்றில் எதையாவது இன்று பார்க்க முடியுமா?
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: காரணங்கள் பல ஒன்றுசேர்ந்தன. பெரிய பணிகள் கொழும்பில் கைமாறிக்கொண்டிருக்க, அவர் கண்டியை விட்டு நகரவில்லை. ஒரு பெண் தனியாக நின்று ஆணையிடுவதை ஒப்பந்தக்காரர்களும் அதிகாரிகளும் எளிதில் ஏற்கவில்லை. 1958இல் டென்மார்க்கிலிருந்து அவரிடம் பணியாற்ற வந்த உல்ரிக் பிளெஸ்னர் சிறிது காலத்தில் கொழும்பு சென்று, முந்திய ஆண்டுதான் தகுதி பெற்றிருந்த பாவாவுடன் இணைந்தார். முற்றமும் ஓட்டுக்கூரையும் கைவினையும் கலந்த வீடு என்றால் பாவா என்று பின்னாளில் ஆயிற்று. பாவாவின் மேதைமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. வரிசையைச் சரியாகச் சொல்கிறேன்.

1960களின் தொடக்கத்தில் தாயை இழந்தபின் மினெட் மனமும் உடலும் தளர்ந்து, நெடுங்காலம் பயணங்களில் கழித்தார். கட்டடக்கலை வரலாறு குறித்து பானிஸ்டர் பிளெட்சர் எழுதிய புகழ்பெற்ற நூலின் 1975ஆம் ஆண்டுப் பதிப்புக்குத் தெற்காசியா பற்றி எழுதினார். அதே ஆண்டு முதல் 1979 வரை ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலை வரலாறு கற்பித்தார். இலங்கைக் கட்டடக்கலைஞர் கழகம் தன் தங்கப் பதக்கத்தை அவருக்கு அளித்தது 1996இல்தான். அவர் 1998 நவம்பரில் கண்டியில் காலமானார். தன்வரலாற்றின் முதல் தொகுதி அந்த ஆண்டில்தான் வெளிவந்தது.

அவருடைய வீடுகள் பல உருமாறிவிட்டன, சில அழிந்தும்விட்டன. கண்டிக்குச் செல்வீர்களானால், ஏரிக்கரையில் கண்டியக் கலைச் சங்கத்தின் நூற்றாண்டை ஒட்டி 1982–84இல் அவர் வடிவமைத்த கலை நிலையத்தைப் பாருங்கள். மாலையில் கண்டிய நடனம் பார்க்க அங்கே கூட்டம் சேரும். நீங்கள் சற்று முன்னதாகவே சென்று, கூரைகள் சரிவில் இறங்கும் விதத்தையும் முற்றங்களில் வெளிச்சம் விழும் விதத்தையும் நின்று பாருங்கள்.