கேள்வி – பதில்: வெள்ளைக்கல் பூமியில் புளூட்டோனியம் கிடைக்குமா?

கேள்வி: சேலம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். நம் மண்ணில் இத்தனை தாதுக்கள் இருக்கின்றனவே, புளூட்டோனியமும் இருக்குமா என்று பேரன் கேட்கிறான். – வாசகர், கருப்பூர்

பதில்: அணுகுண்டுக்கும் அணு உலைக்கும் பயன்படும் கதிரியக்க உலோகமான புளூட்டோனியம், தோண்டி எடுக்கும் அளவில் உலகில் எங்குமே கிடையாது. யுரேனியத் தாதுக்களில் அணுவணுவாகத் தேட வேண்டிய அளவில் இருக்கிறது. வளிமண்டலத்தில் நடத்தப்பட்ட அணுகுண்டுச் சோதனைகளின் தூசு படிந்ததால், உலகின் மேல்மண்ணில் பரவலாக அதன் சுவடும் உண்டு. பயன்படும் புளூட்டோனியம் முழுவதும் மனிதர் ஆக்கியதே. அணு உலையில் யுரேனியம்-238 ஒரு நியூட்ரானை ஏற்று, நெப்டியூனியமாகி, பிறகு புளூட்டோனியம்-239 ஆகிறது. அமெரிக்க வேதியியலாளர் கிளென் சீபோர்க்கும் அவருடைய தோழர்களும் 1940–41இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இத்தனிமத்தை முதன்முதலாக உருவாக்கினார்கள்.

ஆனாலும் நம் மண்ணுக்கு அதனோடு தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. புளூட்டோனியம் ஃபுளூரைடுடன் கால்சியத்தைச் சேர்த்துச் சூடேற்றி உலோகத்தைப் பிரிக்கும்போது, அந்தக் கடும் வெப்பத்தையும் உருகிய உலோகத்தின் அரிப்பையும் தாங்குவதற்கு மெக்னீசியம் ஆக்சைடால் ஆன மூசைகளை (உலோகம் உருக்கும் கிண்ணங்களை) பயன்படுத்துகிறார்கள். உங்கள் வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டால் கிடைப்பதும் அந்த ஆக்சைடுதான். பேரனிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: புளூட்டோனியத்தை ‘விசித்திர உலோகம்’ என்று எங்கள் பேராசிரியர் குறிப்பிட்டார். காரணம் என்ன? – கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி

பதில்: சாதாரண அழுத்தத்தில், உருகுவதற்கு முன்பே அது ஆறு படிக வடிவங்களை எடுக்கிறது, வேறு எந்த உலோகமும் இப்படிச் செய்வதாகத் தெரியவில்லை. அறை வெப்பநிலையில் உள்ள ஆல்பா வடிவம் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 19.8 கிராம் எடையுள்ளது, எளிதில் நொறுங்கக்கூடியது. சூடேற்றினால் பல படிகளில் உப்பி, சுமார் 310 டிகிரி செல்சியசுக்கு மேல் 15.9 கிராம் மட்டுமே அடர்த்தி கொண்ட, வளைந்துகொடுக்கும் டெல்டா வடிவத்துக்கு வருகிறது. இந்த டெல்டா வடிவமோ, மேலும் சூடேற்றினால் விரிவதற்குப் பதில் சுருங்குகிறது! இப்படி உப்பிச் சுருங்கும் உலோகத்தை வார்த்துக் கடைவது பெரும்பாடு என்பதால், சிறிதளவு காலியம் கலந்து, அறை வெப்பநிலையிலும் டெல்டா வடிவத்திலேயே நிற்க வைக்கிறார்கள். சேர்வராயன் மலையில் வெட்டப்பட்ட பாக்சைட்டைப் போன்ற தாதுவிலிருந்து அலுமினா எடுக்கையில் துணைப்பொருளாகப் பெறப்படும் உலோகமே காலியம்.

சேர்மங்களிலும் அதே பன்முகம்தான். கரைசலில் மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலையில் (அதாவது அணு மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலையில்) நீலம் கலந்த ஊதாவாகவும், நான்கில் மஞ்சள் பழுப்பாகவும் தெரியும். அடுத்தடுத்த நிலைகளில் வேறு நிறங்கள். ஹைட்ரஜனுடன் சேர்ந்த ஹைட்ரைடு, ஈரமற்ற காற்றிலேயே தீப்பற்றக்கூடியது. ஆக்சிஜனுடன் சேர்ந்த டைஆக்சைடு நேர்மாறாக, 2,000 டிகிரிக்கு மேலும் உருகாத உறுதியான பொருள். ஆகவே அணு உலை எரிபொருளாக அதிகம் பயன்படுகிறது.

கேள்வி: குண்டு செய்வதைத் தவிர அதற்கு வேறு பயன் உண்டா? தொட்டாலே மரணமா? – வாசகி, ஏற்காடு

பதில்: உண்டு. கல்பாக்கத்தில் 1985 முதல் இயங்கும் சோதனை வேக ஈனுலை (எரிபொருளை எரிக்கும்போதே புதிய எரிபொருளையும் உண்டாக்கும் வகை அணு உலை), புளூட்டோனியம், யுரேனியம் ஆகியவற்றின் கார்பைடுகளை (கார்பன் சேர்மங்களை) கலந்த எரிபொருளைக் கொண்டது. 87.7 ஆண்டு அரை ஆயுள் (பாதியளவு சிதைய ஆகும் காலம்) கொண்ட புளூட்டோனியம்-238 தானாகவே சூடாக இருப்பதால், அந்த வெப்பத்தை மின்சாரமாக்கி, 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களுக்கும், செவ்வாயில் ஊரும் கியூரியாசிட்டிக்கும் அளித்திருக்கிறார்கள்.

தொட்டாலே மரணம் என்பது சரியல்ல. அதன் ஆல்பா கதிரைத் தோலின் மேற்படலமே தடுத்துவிடும். ஆனால் நுண்தூசாக மூச்சில் போனால் நுரையீரலில் தங்கி, எலும்பையும் கல்லீரலையும் அடைந்து, ஆண்டுக்கணக்கில் கதிர்வீசிப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும். எனவேதான் காற்றுப்புகாத கையுறைப் பெட்டிக்குள் வைத்தே அதைக் கையாளுகிறார்கள். உலோகக் கோளமாக இருந்தால் தொடர்வினை (ஓர் அணு பிளந்து அடுத்தடுத்த அணுக்களைப் பிளப்பது) தொடங்க ஏறக்குறைய 10 கிலோ வேண்டும். நீர்க்கரைசலிலோ சுமார் அரை கிலோ போதும். ஆகையால் கரைசல் கலன்களை, நியூட்ரான்கள் வெளியேறிவிடும்படி ஒல்லியான குழல்களாகவே அமைக்கிறார்கள்.