பழைய சீன ஜாடியில் தோளில் மட்டும் பச்சை மெருகு, வயிற்றில் கட்டம் கட்டமாகக் கோடு: எப்படிச் செய்தார்கள்?

ஏலப் பக்கத்தில் ஏதோ ஒரு படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஹான் காலத்து (கி.மு. 206 – கி.பி. 220) தென் சீன ஜாடிகள் பல அப்படித்தான் இருக்கும். நீங்கள் பார்த்தது அசல் என்று இதற்கு அர்த்தமில்லை.

முதலில் அந்தக் கோடு. அது கடைசியில் சேர்த்த அலங்காரம் இல்லை. மண் திரியை வளையம் வளையமாக அடுக்கிச் சுவர் எழுப்பி, உள்ளே ஒரு கல்லை அண்டக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டுவார்கள். திரிகளின் இணைப்பு இறுகுவது அந்தத் தட்டலில்தான். நம் ஊர்க் குயவர் பானை தட்டுவதும் இப்படியே. மழமழப்பான பலகை ஈரமண்ணில் அப்பிக்கொள்ளும்; வெட்டு இருந்தால் விட்டு வரும். அந்த வெட்டையே கட்டமாக, வலையாகச் செதுக்கிவிட்டார்கள். மண்ணில் ஈரம் மிஞ்சினால் சுவர் தொய்யும். காய்ந்துவிட்டால் தட்டும்போதே விரிசல் விடும்.

மெருகு என்பது விறகுச் சாம்பல். அதிலுள்ள சுண்ணாம்பு, சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் மண்ணின் சிலிகாவை உருக்கிக் கண்ணாடியாக்கும். தோள், வாயின் உள்விளிம்பு என மேல்நோக்கிய இடங்களில் மட்டும் அது இருந்தால், சாம்பல் மேலிருந்து விழுந்திருக்கிறது. தூவியதா, சூளைக்குள் பறந்து வந்ததா என்று இத்துறையினர் சண்டைக்கு வருவார்கள். ஜாடிக்கு ஜாடி பதில் மாறும். முழுக்கப் பூசத் தெரியாமல் இல்லை. கிழக்குச் சீனாவின் செஜியாங் மாகாணத்து டெச்சிங் சூளைகளில் ஹான் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே கரைசலாகப் பூசியிருக்கிறார்கள்.

சுண்ணாம்பு மெருகு உருகினால் தண்ணீராக ஓடும். கோட்டின் பள்ளத்தில் தேங்கிக் கருக்கும், மேட்டில் மெலியும், சில இடத்தில் சொட்டாக நிற்கும். சூடு போதாவிட்டால் சொரசொரப்பாகி உரியும். நிறத்துக்குக் காரணம் இரும்பு: சூளையில் காற்று குறைந்தால் பச்சை, கூடினால் மஞ்சள் கலந்த பழுப்பு.

இவை கெட்டியாகச் சுட்ட மண்பாண்டங்கள்தான், பீங்கான் இல்லை; இதையெல்லாம் 'பீங்கான்' என்று எழுதி விற்கிறவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. ஊறுகாய் ஜாடியையும் பீங்கான் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அது வேறு கதை. விற்கிறவர் முன்பக்கப் படம் மட்டும் போட்டிருந்தால் உள்பக்கம், அடிப்பாகம் இரண்டையும் கேளுங்கள். தட்டிய ஜாடியில் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று கோணலாக ஏறியிருக்கும். வழித்து மட்டமாக்கியிராவிட்டால் உள்ளே கல் பதிந்த குழிகளும் தெரியும். அச்சில் வார்த்த போலியில் கோடு ஒரே சீராக ஓடும், உள்பக்கம் வெறும் வழுவழுப்பு.