டிவியை அளந்தீர்கள், அம்மாவின் காதை?

கேள்வி: எனக்கு 47 வயது. ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இரவு ஏழரையிலிருந்து பத்தரை வரை பாட்டுக் கேட்பதுதான் என் ஒரே பொழுதுபோக்கு. பெரும்பாலும் கர்நாடக சங்கீதக் கச்சேரிப் பதிவுகள். சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போனை லேப்டாப்பில் ஒரு சின்ன டாங்கிள் வழியாகக் கேட்கிறேன். மேசை மேல் வைக்கிற உயர்தர ஆம்ப் (ஹெட்போனுக்கு ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்று, 1.4 லட்சம் ரூபாய்க்குள் வாங்க நினைக்கிறேன். வெற்றிடக் குழாய் வைத்த ட்யூபா, டிரான்சிஸ்டர் வைத்த சாலிட் ஸ்டேட்டா? பேலன்ஸ்டு இணைப்பு (ஒவ்வொரு காதுக்கும் இரண்டு கம்பியிலும் சிக்னல் வருவது) அவசியமா? எத்தனை வாட்? பவர் கொஞ்சம் தாராளமாக இருந்தால் நல்லது. அம்மாவுக்கு 74 வயது, காது மந்தம், வயதானால் அப்படித்தானே. பக்கத்து அறையில் டிவியைச் சத்தமாக வைக்கிறார். மொபைல் ஆப்பில் அளந்தேன், கதவைச் சாத்தியும் என் அறைக்குள் 66 டெசிபல் காட்டுகிறது. மனைவியிடம் சொன்னாலும் அவளும் குறைக்கச் சொல்வதில்லை. எந்த ஆம்ப் சரியாக இருக்கும்?
(பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: தம்பி, ஆம்பைப் பற்றி இவ்வளவு கேட்டிருக்கிறீர்கள். அம்மாவைப் பற்றி இரண்டு மூன்று வரிதான், அதுவும் வாட் கணக்கை ஒட்டி. இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் பல வருடமாக வருகிறது. ஒருவர் ஏசி கேட்பார், ஒருவர் தனியாக மாடி அறை கட்டலாமா என்று கேட்பார், நீங்கள் ஆம்ப் கேட்கிறீர்கள். கேட்கிற பொருள்தான் மாறுகிறது.

ஒரே ஒரு விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். டிவி எத்தனை டெசிபல் என்று அளந்திருக்கிறீர்கள். ஆப் இறக்கி, கதவைச் சாத்தி, நடு அறையில் நின்று அளந்த ஆள் நீங்கள். அந்த டிவியை அவ்வளவு சத்தமாக வைக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட காதை யாராவது அளந்தார்களா? "காது மந்தம்" என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த டாக்டர் சொன்னது? எந்தத் தேதியில் ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளக்கிற சோதனை, எடுத்தீர்கள்? எடுத்திருந்தால் அந்த எண்ணையும் எழுதியிருப்பீர்கள். எண்களை விடுகிற ஆள் இல்லை நீங்கள்.

"வயதானால் அப்படித்தானே" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண் மங்கினால் கண்ணாடி போட்டுவிட்டிருப்பீர்கள். காதுக்கு மட்டும் ஏன் அந்த நியாயம் இல்லை? முதலில், காதில் அழுக்கு கெட்டியாக அடைத்திருந்தாலே கேட்பது மந்தமாகும். பத்து நிமிட வேலை, டாக்டர் எடுத்துவிடுவார். அது இல்லை, வயதால் வந்ததுதான் என்றால், அங்கே என்ன நடக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒலியோடு இவ்வளவு பழகியவர், உங்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. அதற்குள் முடி போன்ற நுண்செல்கள். மேல் ஸ்தாயியைப் பிடிக்கிற செல்கள் சுருளின் வாசலிலேயே இருக்கின்றன, பெரும்பாலும் அவைதான் முதலில் போகும். போனால் திரும்ப முளைக்காது. பேச்சில் உயிரெழுத்தின் கனம் கீழ் ஸ்தாயியில் இருக்கிறது, வல்லின மெய்களின் கூர்மை மேல் ஸ்தாயியில். அதனால் குரல் காதில் விழும், சொல் விழாது. நீங்கள் "படி" என்றாலும் "கடி" என்றாலும் அம்மாவுக்கு "அடி" என்றுதான் விழும். சீரியலில் யாரோ பேசுகிறார்கள் என்று தெரிகிறது, என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. உடனே சத்தத்தைக் கூட்டுகிறார். கூட்டினால் உயிரெழுத்துதான் இன்னும் பெரிதாகிறது, தொலைந்த மெய் அவ்வளவு சுலபமாகத் திரும்புவதில்லை. மறுபடி கூட்டுகிறார். உங்களுக்கு அது 66 டெசிபல் தொல்லை. அவருக்கு ஒவ்வொரு ராத்திரியும் பாதிக் கதையை ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

என் அப்பா கடைசிக் காலத்தில் எது சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவார். பெருந்தன்மை வந்துவிட்டது என்று நினைத்தேன். என்ன சொல்கிறோம் என்று கேட்கவே இல்லை, திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. உங்கள் அம்மா இப்போது போனில் பேசுவதைக் குறைத்துவிட்டாரா? கல்யாண வீட்டில் ஓரமாக உட்காருகிறாரா? பார்த்துச் சொல்லுங்கள். மறதி நோய்க்கு வழிவிடுகிற, நாம் சரிசெய்யக்கூடிய காரணங்களின் பட்டியலில் கவனிக்காமல் விட்ட காது மந்தத்தையும் மருத்துவ ஆய்வாளர்கள் சேர்த்திருக்கிறார்கள். இது டிவி சத்தத்தோடு முடிகிற விஷயம் இல்லை.

மனைவி குறைக்கச் சொல்வதில்லை என்று குறைபட்டிருக்கிறீர்கள். அவர் செய்வதுதான் சரி. மாமியாரின் காதைப் பற்றிப் பேச வேண்டியது மருமகள் இல்லை, பெற்ற பிள்ளை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியதும் நீங்கள்தான். ஆபீஸுக்கு ஒரு நாள் லீவு போடுங்கள்.

சரி, ஆம்புக்கு வருகிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட மாட்டேன்.

உங்கள் எச்டி 650 ஹெட்போனின் இம்பிடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டுகிற எதிர்ப்பு, 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் தரும் என்று கம்பெனிக் குறிப்பு சொல்கிறது. அந்த 1 வோல்ட்டுக்கு ஆகிற பவர் சுமார் 3.3 மில்லிவாட். பத்து வோல்ட் கொடுத்தால் 333 மில்லிவாட், 123 டெசிபல், காது வலிக்கிற எல்லை. அதனால் 300 ஓமில் கால் வாட் தருகிற ஆம்பே உங்களுக்கு மிதமிஞ்சியது. விளம்பரத்தில் "4 வாட்" என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 32 ஓம் கணக்கு, நீங்கள் 300 ஓம் எண்ணைத் தேடிப் பாருங்கள். பவர் அதிகமானால் கெடுதலும் உண்டு. வால்யூம் குமிழைத் தொடக்கத்திலேயே நிறுத்த வேண்டிவரும், சாதாரணக் குமிழ்களில் அந்த இடத்தில்தான் இடது வலது சமமில்லாமல் போகும். எத்தனை மடங்கு பெருக்குவது என்று மாற்றுகிற கெய்ன் சுவிட்ச் இருந்தால் 'லோ'வில் வையுங்கள்.

பேலன்ஸ்டு உங்களுக்குத் தேவையில்லை. அதே ஆம்பில் வோல்ட்டேஜ் இரட்டிப்பாகும், 6 டெசிபல் கூடும், அவ்வளவுதான். ட்யூப் கேட்டீர்கள். 300 ஓம் ஹெட்போனுக்கு, வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ட்யூப் ஆம்ப் பொருந்தும், பலர் விரும்புவதும் உண்மை. காரணம் எளிது. இந்த ஹெட்போனின் இம்பிடன்ஸ் கீழ் ஸ்தாயியில், 100 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், 500 ஓம் வரை ஏறுகிறது. ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் (வெளியீட்டில் அதன் சொந்த எதிர்ப்பு) 100 ஓம் என்றால் அந்த இடம் ஒரு டெசிபல் அளவுக்குத் தூக்கலாகக் கேட்கும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், அதாவது கனமான நாதம் தருகிற இடது பக்கம், கொஞ்சம் குண்டாகக் கேட்கும். பிடித்திருந்தால் வாங்கலாம். ஆனால் ட்யூப் கொதிக்கும், தேயும், மாற்ற வேண்டும். சித்திரை வெயிலில் ஈரோட்டில் சாத்திய அறைக்குள் அது தேவையா என்று யோசியுங்கள். நானாக இருந்தால் அவுட்புட் இம்பிடன்ஸ் ஓரிரு ஓமுக்குள் இருக்கிற சாலிட் ஸ்டேட்தான். அப்புறம், எதுவாக இருந்தாலும் குமிழை முழுக்கக் குறைத்துவிட்டே ஹெட்போனைச் செருகுங்கள். ஆம்பைக் கடைசியாக ஆன் செய்யுங்கள், முதலில் அணையுங்கள்.

இதில் எந்தப் பெட்டி வாங்கினாலும் உங்கள் பிரச்சினை தீராது. எச்டி 650 திறந்த முதுகு ஹெட்போன், வெளிச் சத்தத்தைத் தடுப்பதே இல்லை. விலை கூடின ஆம்பில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவதில் பெரிய பங்கு அதன் நிசப்தத்துக்கு. ஆம்பின் சொந்த இரைச்சல் பாட்டைவிட 120 டெசிபல் கீழே என்று அச்சிட்டிருப்பார்கள். அதை 66 டெசிபல் அறையில் கொண்டுபோய் வைத்தால் ஆலாபனையின் இழைவும் தம்புராவின் ரீங்காரமும் சீரியலுக்குள் மூழ்கும். மூழ்காமலிருக்க நீங்கள் பத்து டெசிபல் கூட்டுவீர்கள். அது பத்து மடங்கு பவர், காதுக்கு இரு மடங்கு சத்தம். தனியாவர்த்தனம் வரும்போது 95ஐத் தொடும்.

அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் (NIOSH) 85 டெசிபலுக்கு ஒரு நாளில் 8 மணி நேரம் என்று எல்லை வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 91 என்றால் 2 மணி நேரம், 94 என்றால் 1. உலக சுகாதார நிறுவனம் இன்னும் கண்டிப்பு: பாட்டுக் கேட்க 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். நீங்கள் தினமும் 3 மணி நேரம் உட்காருகிறீர்கள். அம்மாவின் காது போன வழியிலேயே உங்கள் காதையும் நீங்களே பணம் கட்டி அனுப்பப் போகிறீர்கள். அதோடு, காது மந்தம் ஓரளவு பரம்பரையாகவும் வரும்.

அதனால் 1.4 லட்சத்தை அப்படியே வையுங்கள். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, உங்களுக்குத் தெரிந்த காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ அம்மாவைக் கூட்டிப்போங்கள். 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஸ்தாயியிலும் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று கோடு போட்டுத் தருவார்கள். எந்த ஸ்தாயி எவ்வளவு போயிருக்கிறதோ அதை மட்டும் தூக்கிக் கொடுக்கும்படி காதுக்கருவியை அமைப்பார்கள். உங்கள் ஆம்ப் செய்யாத வேலையை அது செய்யும். இரண்டு காதிலும் குறை இருந்தால் இரண்டுக்கும் வாங்குங்கள், ஒன்று போதும் என்று மிச்சம் பிடிக்காதீர்கள். மாட்டிய முதல் வாரம் தட்டு வைக்கிற சத்தம் கூட அவருக்கு இடிபோலக் கேட்கும், "வேண்டாம், எடுத்துடு" என்பார். கருவி டப்பாவுக்குள் போய் உறங்கத் தொடங்குவது அந்த வாரத்தில்தான். முதல் ஒரு மாதமும் ஏழரை மணிக்கு ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். சீரியல் பாருங்கள். ஒலி அளவை எப்படி வைக்கலாம், எங்கே இரைகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு மறுபடி டாக்டரிடம் போங்கள். கருவி வரும்வரைக்கும் டிவிக்கு ஒரு வயர்லெஸ் ஹெட்போன் வாங்கி, அளவாகச் சத்தம் வைத்து அவருக்குக் கொடுக்கலாம்.

போகிற அன்றைக்கே உங்கள் காதையும் காட்டிவிடுங்கள். இரண்டு ஆடியோகிராம் தாளும் கையில் வந்ததும் மறுபடி எழுதுங்கள். மிச்சமிருக்கிற பணத்தையும் குறிப்பிடுங்கள், ஆம்பின் பெயரை அப்போது சொல்கிறேன்.