பழைய டிஜிட்டல் வாட்ச்: கண்ணாடியில் கை வைப்பதற்கு முன்

கேள்வி: 1980-களில் அப்பா கட்டியிருந்த டிஜிட்டல் வாட்ச் இன்னும் ஓடுகிறது. ஆனால் கண்ணாடிக்கு உள்ளே தூசியும் மங்கலுமாக இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க நினைக்கிறேன். உடையாமல் எடுப்பது எப்படி?

பதில்: எடுக்காதீர்கள். உள்பக்கம் சுத்தமாக வேண்டும், அவ்வளவுதானே? அதற்குப் பின்பக்கமாகவே போகலாம். பெரும்பாலான டிஜிட்டல் வாட்சுகளில் மாட்யூல், அதாவது திரையும் சர்க்யூட்டும் சேர்ந்த உள் பகுதி, பின்மூடி வழியாகத்தான் உள்ளே போனது. வெளியே வருவதும் அதே வழிதான். அது வந்துவிட்டால் கண்ணாடியின் உள்பக்கம் உங்கள் கைக்கு எட்டிவிடும்.

மூடியைத் திறந்ததும் முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாட்யூலின் மேல் மயிரிழை போல ஒரு குட்டி ஸ்பிரிங் நிற்கலாம். அது தொலைந்தால் நேரம் ஓடும், அலாரம் மட்டும் கத்தாது. மாட்யூல் வர மறுத்தால் நெம்பாதீர்கள். பக்கத்துப் பட்டன்கள்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

துடைக்க ஊதுபந்தும், ஒரு துளி சோப்புத் தண்ணீர் தொட்ட மெல்லிய துணியும் போதும். அசிட்டோன், தின்னர், ஆல்கஹால் எதுவும் கிட்டே வரக்கூடாது. பெயரும் வண்ணக் கோடுகளும் கண்ணாடியின் உள்பக்கத்தில்தான் அச்சடித்திருப்பார்கள். ஒரே துடைப்பில் போய்விடும். பிளாஸ்டிக் கண்ணாடியானால் சிலந்தி வலை போல வெடிப்பு ஓடும். திரையைத் தொடவே வேண்டாம், அதன் மேல் ஒட்டியிருப்பது மெல்லிய படலம். மங்கல் அந்தப் படலத்திலேயே இருந்தால் கண்ணாடியை எத்தனை முறை துடைத்தாலும் போகாது.

சரி, கண்ணாடியை எடுத்தே ஆக வேண்டிய வாட்ச் ஒன்று உண்டு. பின்பக்க ஓரத்தை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். இணைப்புக் கோடோ, நெம்பும் பள்ளமோ, திருகோ தட்டுப்பட்டால் அது திறக்கும் மூடி. எதுவும் இல்லாமல் உடல் முழுதும் ஒரே வார்ப்பாக, பேட்டரிக்கு மட்டும் நாணயத்தால் திருப்பும் சின்ன வட்ட மூடி இருந்தால், மாட்யூல் முன்பக்கமாக இறக்கியது. அங்கே கண்ணாடியோ அதைச் சுற்றிய வளையமோ வந்தால்தான் வழி. உள்ளிருந்து தள்ள மாட்யூல் விடாது. வெளியிலிருந்து கத்தியால் கிளப்பினால் விளிம்பு பொரிந்துவிடும். பசையை இளக்கச் சூடு காட்டலாமா என்றால், திரை அதைத் தாங்காது. இதை மட்டும் அதற்குரிய கருவி வைத்திருப்பவரிடம் கொடுங்கள், அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபடி.

ஏன் உட்காரச் சொல்கிறேன் என்றால், ‘கண்ணாடி உடைஞ்சு போச்சு, புதுசு போட்டுட்டேன்’ என்று எழுத்தே இல்லாத வெற்றுக் கண்ணாடியோடு திருப்பித் தருபவர்கள் உண்டு. அச்சடித்த அசல் கண்ணாடி போனால் போனதுதான். தயாரிப்பாளரிடம் கேட்டால் ‘அந்த மாடல் நிறுத்தப்பட்டது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எப்படித் திறப்பது என்று ஒரு பக்கப் படம் வெளியிட்டால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? மூடியில் மாட்யூல் எண்ணை மட்டும் பெட்டி போட்டுப் பொறிக்கத் தெரிகிறது.

இதைவிடப் பெரிய ஏமாற்று வேறு. பேட்டரியை எடுத்துத் திரும்பப் போட்டதும் சில வாட்சுகளில், குறிப்பாகப் பல கேசியோக்களில், திரை வெறுமையாக நிற்கும், அல்லது கன்னாபின்னாவென்று காட்டும். உடனே ‘மாட்யூல் செத்துப்போச்சு, பார்ட்ஸுக்கு வேணும்னா எடுத்துக்கறேன்’ என்பார் ஒருவர். கொடுத்துவிடாதீர்கள். மாட்யூலின் பின்புறம் ‘ஏசி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். அந்தப் புள்ளியையும் பேட்டரியின் பிளஸ் பக்கத்தையும் ஓர் உலோக ட்வீசரால் இரண்டு நொடி சேர்த்துத் தொடுங்கள். இப்படி ‘செத்த’ வாட்சுகள் எத்தனையோ என் மேசையில் எழுந்திருக்கின்றன. பாவம், அதற்கு முன்னால் அடிமாட்டு விலைக்குப் போனவை எத்தனையோ.

அப்புறமும் எண்ணில் சில கோடுகள் மட்டும் விடுபட்டால், திரைக்கும் சர்க்யூட் பலகைக்கும் நடுவே உள்ள வரிவரியான ரப்பர் பட்டை நகர்ந்திருக்கும். நேராக வைத்தால் வந்துவிடும். மூடும்போது பின்மூடி ஓரத்து ரப்பர் வளையத்துக்குத் துளி சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். மூடியில் வாட்டர் ரெசிஸ்ட் என்று எழுதியிருப்பது வளையம் புதிதாக இருந்த காலத்துக் கதை. கை கழுவும்போது கழற்றி வையுங்கள்.