13 கிலோவில் எண்டியூரோ சைக்கிள் முடியுமா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஹார்ட்டெயில் (பின்னால் ஷாக் இல்லாத மலைச் சைக்கிள்) ஓட்டிப் பழகிவிட்டேன். இனி எண்டியூரோ சைக்கிள் ஒன்றை நானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்க ஆசை. கையில் இரண்டு லட்சம்தான். 13 கிலோவுக்குள் முடியுமா? பழைய சைக்கிளில் எது உதவும்?
- வாசகர், கோத்தகிரி

பதில்: இந்தக் காசுக்கு 13 கிலோ வராது. இழுத்துப் பிடித்து வர வைத்தாலும் இறக்கத்தில் தாங்காது. 15 கிலோவுக்கு முன்பின் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அந்த எடையில் அருமையான சைக்கிள் கட்டலாம்.

எண்டியூரோ என்ற மலைச் சைக்கிள் பந்தயத்தில் இறக்கத்துக்குத்தான் கடிகாரம் ஓடும். ஏற்றத்தில், அடுத்த ஸ்டேஜ் (நேரம் பார்க்கும் இறக்கம்) தொடங்கும் இடத்துக்குச் சொன்ன நேரத்தில் போய்ச் சேர்ந்தால் போதும். முன்னும் பின்னும் 150 முதல் 170 மி.மீ. வரை டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம்) வைப்பது அதனால்தான். எடை குறைந்தால் ஏறும்போது கால் சோராது, அவ்வளவுதான். அதற்காக இறங்கும்போது உங்களைக் காப்பாற்றும் பாகத்தில் கை வைக்காதீர்கள். நான்கு பிஸ்டன் பிரேக்கும் 200 மி.மீ. ரோட்டரும் (பிரேக் தட்டு) இருந்தே ஆக வேண்டும். டிராப்பர் போஸ்ட் (ஓடும்போதே சீட்டை ஏற்றி இறக்க உதவும் கம்பம்) சாதாரண சீட் போஸ்ட்டைவிட 300 கிராம் போல கூடுதல்தான்; இருந்தாலும் அதைக் கழற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

ஃபிரேமை செகண்ட் ஹேண்டில், ஷாக்கோடு சேர்த்து வாங்குங்கள். அலுமினியமே போதும். கார்பன் அரை கிலோ வரை மிச்சப்படுத்தலாம். ஆனால் பழைய கார்பனில் உள்ளே பட்ட அடி வெளியே தெரியாமல் போகலாம். உங்கள் பட்ஜெட்டில் அந்த ஆபத்து தேவையில்லை.

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச்சும் ஈரத் துணியும் கொண்டு போங்கள். பெடல் அச்சு உட்காரும் இடம், ஹெட்டியூபின் (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள ஃபிரேமின் முன் குழாய்) அடிப்பக்கம், பின் முக்கோணம் சேரும் இடம் மூன்றையும் சேறு போகத் துடைத்துவிட்டு, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். வெல்டிங் ஓரமாகப் பெயின்டில் முடி போல ஒரு கோடு தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். அப்புறம், ஷாக்கின் ஒரு முனை போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின் சக்கரப் பகுதியைக் கையால் மெல்ல ஏற்றி இறக்குங்கள். மணல் அரைபடுவது போல உணர்ந்தால் பிவட் பேரிங்குகள் (பின் பகுதி அசையும் மூட்டுகளில் உள்ளவை) போய்விட்டன. அவற்றை மாற்றிவிடலாம், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். விற்பவர் கழற்ற விடாவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பழைய சைக்கிளில் இருந்து சீட், பெடல், கிரிப் எடுத்துக்கொள்ளலாம். ஹார்ட்டெயிலின் குறைந்த டிராவல் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) இங்கே ஆகாது. சக்கரத்தை அளந்து பாருங்கள். இப்போதைய எண்டியூரோ ஃபிரேம்களில் பெரும்பாலும் பின் அச்சு 148 மி.மீ. உங்களுடையது 135 மி.மீ. குவிக் ரிலீஸ் என்றால் உட்காராது. ஃப்ரீஹப்பையும் (பின் சக்கரத்தில் கேசட் எனும் பல்சக்கரத் தொகுதி ஏறும் பகுதி) பார்க்க வேண்டும்: ஷிமானோவின் 12 ஸ்பீடு 10-51 பல் கேசட்டுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் ஃப்ரீஹப் வேண்டும், பழைய ஹெச்ஜி வகையில் ஏறாது. பலர் கேசட்டை வாங்கிய பிறகுதான் இதைக் கேட்டு வருகிறார்கள். மனசு கஷ்டமாக இருக்கிறது.

குறைந்த செலவில் எடை குறைய வழி உண்டு. முன்னால் ஒற்றைப் பல்சக்கரம் போதும். ஷிமானோவில் டியோர், எஸ்எல்எக்ஸ், எக்ஸ்டி என்று விலைப்படி ரகங்கள் உண்டு. ஷிஃப்டர், டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) எல்லாம் டியோர் வாங்கி, கேசட்டை மட்டும் எஸ்எல்எக்ஸ் ஆக்குங்கள். டியோர் கேசட் சுமார் 590 கிராம், எஸ்எல்எக்ஸ் சுமார் 530. இந்த ரகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும். எக்ஸ்டி இன்னும் 60 கிராம் குறையும், ஆனால் அந்தப் பணம் பிரேக்குக்குப் போகட்டும். ட்யூபை எடுத்துவிட்டு ட்யூப்லெஸ் ஆக்கினால் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) போக சக்கரத்துக்கு 100 கிராமாவது மிச்சம். பஞ்சரும் குறையும். ஸ்பிரிங் ஷாக் வேண்டாம், ஏர் ஷாக்கே எடை குறைவு.

கேள்வி: பின்னால் மெல்லிய, எடை குறைந்த டயர் போட்டால் ஏற்றம் சுலபமாகுமே?
- வாசகர், குன்னூர்

பதில்: ஆகும், முதல் கூர்மையான கல் வரைக்கும். இறங்கும்போது பாறையில் அதிகம் அடிபடுவது பின் சக்கரம்தான். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் சீலன்ட் அடைக்காது, ரிம்மும் நெளியும். பின்னால் தடித்த உறை உள்ள டயரைப் போடுங்கள். ஒரு கிலோவைத் தாண்டினாலும் பரவாயில்லை. குறைக்கத்தான் வேண்டும் என்றால் முன்னால் ஒரு படி மெல்லிய உறை போடலாம். ரப்பர் மட்டும் நன்றாகப் பிடிக்கிற மென்மையான ரகமாக இருக்கட்டும்.

கேள்வி: பழைய ஃபோர்க் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
- வாசகர், கோவை

பதில்: தாராளமாக. ஃபோர்க்கின் மேலே உள்ள வழவழப்பான ஸ்டாஞ்சன் குழாயில் விரல் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். எங்காவது நகம் மாட்டினால் அங்கே சீல் அரிந்து எண்ணெய் கசியும். ஹெட்டியூபுக்குள் நுழையும் கழுத்துக் குழாயை எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள் என்று அளந்து கேளுங்கள். உங்கள் ஃபிரேமின் ஹெட்டியூபுக்குக் குட்டையாகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது என்றும் கேட்டுவிடுங்கள். ராக்ஷாக்ஸ் நிறுவன ஃபோர்க்குகளுக்குக் கீழ்க்கால் சர்வீஸ் (அடிக் குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றுவது) 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை. பெரும்பாலும் யாரும் செய்திருக்க மாட்டார்கள். வாங்கிய கையோடு சீலும் எண்ணெயும் மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள்.