கோத்தகிரியில் ஒரு டைகர் மாத்: ஜெயண்ட் ஸ்கேல் கிட்டை மலையில் கட்டுவது பற்றி

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். சின்ன ரேடியோ கன்ட்ரோல் விமானங்கள் சில கட்டி ஓட்டியிருக்கிறேன். இப்போது டைகர் மாத் என்ற பழைய இரட்டை இறக்கைப் பயிற்சி விமானத்தின் 1/4 அளவு கிட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. இவ்வளவு பெரிய பைப்ளேனை மலையில் வைத்துக் கட்ட முடியுமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்:

தாராளமாகக் கட்டலாம். நான் கோத்தகிரியில் கட்டியதும் அதே டைகர் மாத்தான். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மட்டும் உட்கார்ந்ததால் இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆயிற்று. கிட், என் மைத்துனர் வெளிநாட்டு வீட்டைக் காலி செய்துகொண்டு ஊர் திரும்பியபோது அவருடைய சாமான்களோடு கப்பலில் வந்தது. அதில் இருந்த கையேடு மிக நல்ல கையேடு. ஆனால் சமவெளியில், உலர்ந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்பவரை நினைத்து எழுதியது. நம் ஊரில் ஈரம் அதிகம், காற்று மெல்லியது. கையேட்டில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். நான் கஷ்டப்பட்ட இடமெல்லாம் இதை மறந்த இடம்தான்.

முதலில் அளவு. இரட்டை இறக்கை மாடலுக்கு 60 அங்குலம் தாண்டினாலே ஜெயண்ட் ஸ்கேல் என்பார்கள். அசல் டைகர் மாத்தின் இறக்கை முனைக்கு முனை 29 அடி 4 அங்குலம். அதில் கால்வாசி 88 அங்குலம், அதாவது ஏழடிக்கு மேல். உடற்பகுதி மட்டும் ஆறடி நீளம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் அறையும் சின்னது, கதவும் குறுகல். ஒட்ட ஆரம்பிப்பதற்கு முன்பே உடற்பகுதியை எந்த வழியாக வெளியே எடுக்கப் போகிறீர்கள் என்று அளந்துவிடுங்கள். நான் ஜன்னல் கம்பி ஒன்றைக் கழற்றி மாட்டும்படி செய்துகொண்டேன்.

1931 அக்டோபரில் முதலில் பறந்த விமானம் இது. இந்திய விமானப்படையிலும் பயிற்சி விமானமாக இருந்தது. நம் நாட்டிலேயே செய்த எச்டி-2 வந்த பிறகுதான் அந்த இடத்தை விட்டது. ஒரு தலைமுறையே பறக்கக் கற்றுக்கொண்ட விமானம் என்பதால், இறக்கைக்கு வடிவம் தரும் ஒவ்வொரு ரிப்பையும் மணல் தாளால் தேய்க்கும்போது எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதை இல்லாமல் இவ்வளவு நாள் உட்கார்ந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

வேலை மேஜைக்குப் பெரிய செலவு வேண்டாம். மரக்கடையில் ஒரு ஃப்ளஷ் டோர் வாங்கி இரண்டு ஸ்டூல் மேல் போட்டேன். வாங்கும்போது நீளமான அலுமினியச் சட்டம் ஒன்றை மூலைக்கு மூலை வைத்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் வேறு கதவு கேளுங்கள். அதை ரசமட்டம் வைத்து நிமிர்த்திய பிறகு அந்த ஸ்டூல்களை யாரும் நகர்த்தக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

இனி ஈரம். எங்கள் தெருவில் ஒரு தச்சு மேஸ்திரி இருக்கிறார். முதல் வாரம் பால்சா என்ற லேசான மரத்தின் பலகைகளைப் பார்க்க வந்தவர், ஒன்றைக் கையில் எடுத்து மெதுவாக வளைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த மரம் தண்ணி குடிச்சிருக்கு. இதை இப்ப ஒட்டாதீங்க" என்றார். "கப்பல்ல வந்த மரம்ண்ணா, பெட்டி பிரிச்சே ரெண்டு நாள்தான் ஆச்சு" என்றேன். "அதைத்தான் சொல்றேன். சமையக்கட்டு சுவர்ப் பக்கம் பத்து நாள் நிக்கட்டும்." பத்து நாள் கழித்துச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். எடை குறைந்திருந்தது கண்கூடாகத் தெரிந்தது. பிறகு பழைய பீரோ ஒன்றின் அடித்தட்டில் 60 வாட் குண்டு பல்பு எரியவிட்டு, மரமெல்லாம் அதற்குள்தான். அன்றைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுப்பேன்.

ஈர மரத்தில் கட்டிய இறக்கைக்கு என்ன ஆகும்? கட்டும்போது நேராக இருக்கும். கோடையில் மரம் உலர்ந்து சுருங்கும்போது ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். ஏழடி இறக்கையில் முனை ஓரிரு டிகிரி முறுக்கினாலே விமானம் எப்போதும் ஒரு பக்கம் சாயும். வேலை முடித்த இறக்கையை சிமென்ட் தரையில் படுக்க வைக்காதீர்கள். ஒரு ஆகஸ்ட் மாதம் நான் அப்படி ஒரு கீழ் இறக்கையை ஒரே ராத்திரி விட்டுவிட்டு, பிறகு ஆவி பிடித்து எதிர்ப்பக்கம் முறுக்கி, எடை வைத்து மூன்று நாள் காத்திருந்து சரி செய்தேன்.

பசையிலும் இதே கதைதான். ஃபெவிக்விக் வகை உடனடிப் பசை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். அதனால் இங்கே வேகமாகப் பிடிக்கும், சரிசெய்ய நேரம் தராது, திறந்த பாட்டிலும் சீக்கிரம் கட்டியாகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். ரிப்பும், இறக்கையின் நீளவாட்டுச் சட்டமான ஸ்பாரும் சேரும் இடத்துக்கெல்லாம் நான் மரப்பசையே பயன்படுத்தினேன். என்ஜின் தாங்கும் தட்டு, லேண்டிங் கியர், இறக்கைக்கு நடுவிலுள்ள கம்பங்கள் மாட்டும் இடங்களுக்கு 30 நிமிட எபாக்சி. குளிரில் எபாக்சி இறுக நேரமாகும், மறுநாள் வரை தொடாதீர்கள்.

மரச் சட்டத்தின் மேல் துணி ஒட்டும் வேலையை மழை மாதத்தில் ஆரம்பிக்கவே கூடாது. நான் பாலியஸ்டர் துணியை இஸ்திரிப் பெட்டியால் இழுத்துப் பிடித்து, மேலே டோப் என்ற வார்னிஷ் போன்ற பூச்சைப் பூசினேன். ஓர் அக்டோபர் சாயங்காலம், ஜன்னலுக்கு வெளியே மஞ்சு இறங்கிக்கொண்டிருக்க, இன்னும் ஒரு கோட்தானே என்று பூசினேன். கால் மணி நேரத்தில் இறக்கை முழுவதும் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. டோப்பிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஜனவரி வெயிலில், மெதுவாக ஆவியாகும் தின்னரை லேசாக அடித்த பிறகுதான் அந்த வெளுப்பு போயிற்று. இன்னொன்றையும் மறக்காதீர்கள். குளிருக்காகக் கரி அடுப்போ ஹீட்டரோ போட்ட அறையில் டோப் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். சட்டென்று தீப்பற்றும் பொருள். மரம் உலர்த்தும் அந்த பல்பு பீரோவும் வேறு அறையில் இருக்கட்டும்.

அடுத்தது வால். டைகர் மாத்துக்கு மூக்கு குட்டை, வால் நீளம். வாலில் 10 கிராம் கூடினால் அதைச் சமன் செய்ய மூக்கில் 30 கிராம் ஈயமாவது வேண்டும். மெல்லிய காற்றில் தேவையில்லாத ஒவ்வொரு கிராமும் ஓட வேண்டிய தூரத்தில் வந்து நிற்கும். அதனால் கிட்டிலுள்ள பால்சாவை எல்லாம் முதலிலேயே எடை போட்டுப் பிரித்தேன். இருப்பதிலேயே லேசானது வாலுக்கு, கனமானது என்ஜின் பக்கம். வால் பக்கம் பெயின்டும் ஒரே கோட்தான். என் மகள் ஒவ்வொரு துண்டின் மேலும் பென்சிலால் எடை எழுதினாள். துணிக்கு அடியில் அந்த எண்கள் இன்னும் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து, பெட்ரோல் இல்லாமல், 9.4 கிலோ. அசல் விமானம் பறக்கக்கூடிய அதிகபட்ச எடையை அதே விகிதத்தில் 64-ஆல் (4×4×4) வகுத்தால் ஏறக்குறைய 13 கிலோ வரும். அதற்கு வெகுவாகக் கீழே இருப்பதில் எனக்கு நிறைவு.

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இரண்டு இறக்கைகளையும் ஒன்றுக்கொன்று பொருத்துவது. டைகர் மாத்தின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்தவை. முன் இருக்கையில் இருப்பவர் பாராசூட்டோடு வெளியே குதிக்க வழி வேண்டும் என்று மேல் இறக்கையை முன்னால் நகர்த்தினார்கள். அதனால் கெட்ட சமநிலையை மீட்க இறக்கைகளைப் பின்னால் சாய்த்தார்கள். நமக்கு இதில் என்ன வேலை என்றால், அந்தச் சாய்வு இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும். வால் நுனியில் ஒரு ஊசி குத்தி, நீளாத நூலைக் கட்டி, நான்கு இறக்கை முனைகளுக்கும் பிடித்துப் பாருங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் கழற்றிவிடுவேன். வால் செங்குத்தா என்பதற்குத் தூக்குக்குண்டு. மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் உள்ள கோணத்துக்கு டிஜிட்டல் ஆங்கிள் கேஜ், கால் டிகிரி வரை. இந்தக் கோணம் தவறினால் ஒரு இறக்கை இன்னொன்றோடு சண்டை போட்டுக்கொண்டே பறக்கும், டிரான்ஸ்மிட்டரில் செய்யும் சின்னத் திருத்தமான டிரிம்மால் அதை மறைக்க முடியாது.

பிறகு கம்பிகள். கீழ் உடற்பகுதியிலிருந்து மேல் இறக்கை முனைப் பக்கம் போகும் கம்பிகள்தான் பறக்கும்போது பாரத்தைத் தாங்குபவை. மேலிருந்து கீழ் இறக்கைக்கு வருபவை தரையில் நிற்கும்போதும் இறங்கும்போதும் தாங்குபவை. சில கிட்டுகளில் இவை வெறும் தோற்றத்துக்கு இருக்கும். உங்கள் பிளானில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு நிஜமாகவே பாரம் தாங்குபவை. பிளாஸ்டிக் உறை போட்ட எஃகுத் தூண்டில் கம்பியை வாங்கி, பித்தளைக் குழாயில் நுழைத்து மடக்கி நசுக்கினேன். இரண்டு பக்கமும் தட்டினால் ஒரே சுருதி வரும்வரை இறுக்கினேன். அதற்கே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

சரி, என்ஜின். நான் போட்டது 35 சிசி பெட்ரோல் என்ஜின். கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.225 கிலோ. 1800 மீட்டர் உயரத்தில் கோத்தகிரியில் அது ஏறக்குறைய 1.03. ஆறில் ஒரு பங்கு குறைகிறது, என்ஜின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு குறைகிறது. இறக்கை விமானத்தைத் தாங்காமல் கைவிடும் வேகம் 9 சதவீதம் கூடும், இறங்கி ஓடும் தூரம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதனால் கையேடு சொல்லும் என்ஜின் அளவுகளில் பெரியதையே எடுங்கள், புரொப்பெல்லரின் விட்டத்தையும் ஒரு அங்குலம் கூட்டிப் பாருங்கள். மின்சார மோட்டார் போடுபவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. மோட்டாருக்குச் சக்தி குறையாது, புரொப்பெல்லரை மட்டும் பெரிதாக்கினால் போதும்.

முதல் பறப்புக்கு மலையில் இடம் தேடாதீர்கள். தேயிலைச் சரிவும் சில்வர் ஓக் மரமும் நடுவில் ஒரு பள்ளிக்கூட மைதானமும் இந்த அளவு விமானத்துக்குப் போதாது. நாங்கள் மேட்டுப்பாளையத்தைத் தாண்டி ஒரு உறவினர் தோட்டத்துக்கு, இறக்கையைக் கழற்றி, டேங்கைக் காலி செய்து வண்டியில் கொண்டுபோனோம். என்ஜினை வீட்டு வாசலிலேயே அழகாக டியூன் செய்து வைத்திருந்தேன். தவறு அங்கேதான் நடந்தது. சுமார் 1500 மீட்டர் கீழே இறங்கியதும் காற்று அடர்ந்துவிடுகிறது. மலையில் சரியாக இருந்த கார்புரேட்டர் ஊசி அங்கே பெட்ரோலைக் குறைவாகத் தருகிறது. தரையில் நன்றாகவே சத்தம் வந்தது. மூன்றாவது சுற்றில் சூடேறி, 150 அடி உயரத்தில் நின்றுவிட்டது.

இரண்டு இறக்கை, அவ்வளவு கம்பி. என்ஜின் நின்ற பைப்ளேன் நொடியில் வேகத்தை இழக்கும். உடனே மூக்கைத் தாழ்த்தினேன், திரும்பி ஓடுபாதைக்கு வர ஆசைப்படவில்லை. அறுவடை முடிந்த நிலக்கடலைக் காட்டில் இறங்கியது. சக்கர அச்சு வளைந்தது, கீழ் இறக்கை முனையில் ஒரு ரிப் உடைந்தது, அவ்வளவுதான். ஊசியை எட்டில் ஒரு சுற்றாகத் திறந்து திறந்து பார்த்து, மதியத்துக்குள் சரியான இடத்தைக் கண்டுபிடித்தோம். இப்போது என் பெட்டி மூடியில் இரண்டு அளவுகள் ஒட்டியிருக்கின்றன, மலைக்கு ஒன்று, கீழே ஒன்று. நீங்களும் இடம் மாறினால் முதலில் ஊசியைத் தொடுங்கள்.

இந்த விமானத்துக்குக் கீழ் இறக்கையில் மட்டும்தான் எய்லரான், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் பலகை. அதை மட்டும் கொடுத்துத் திருப்பினால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். வாலில் மூக்கைத் திருப்பும் பலகையான ரடரையும் சேர்த்துக் கொடுக்கப் பழகிக்கொள்ளுங்கள். இக்னிஷனுக்குத் தனி பேட்டரி, ரிசீவரிலிருந்து ஓரடியாவது தள்ளி. டிரான்ஸ்மிட்டர் தொடர்பு போனால் என்ஜின் அணையும்படி ஃபெயில்சேஃப். இவை கட்டாயம். இப்போது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பறந்து முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

2021 டிரோன் விதிகளில் 25 கிலோவுக்கு உட்பட்ட, பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் ஓட்டும் மாடல் விமானத்துக்குத் தனி வகை உண்டு, வகைச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் வான்வெளி வரைபடத்தை டிஜிட்டல் ஸ்கை தளத்தில் பார்த்தே ஆக வேண்டும். உங்கள் குன்னூரில் வெலிங்டன் ராணுவப் பகுதியும் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையும் பக்கத்திலேயே இருக்கின்றன. வாசலில் என்ஜினை ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, பறப்பதைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி இப்போதே கையில் இருந்தால், மரத்தை உலரவைத்து வாலிலிருந்து ஆரம்பியுங்கள். சின்னச் சின்னத் துண்டுகள், கை பழகும். மழைக்காலம் முழுக்க மரவேலை செய்யலாம். குன்னூருக்கும் எங்களுக்கும் அக்டோபர், நவம்பர் மழைதான் பெரிய மழை. அது ஓய்ந்து ஜனவரி பிறந்த பிறகு துணியைப் பிரியுங்கள். மார்ச் வரை நல்ல வெயில் இருக்கும். இறக்கை பொருத்தும் நாளில் நூல் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.